சொல்லக் கூசும் சிக்கல்

ஆண்டு மலருக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழ் மிஸ் கேட்டபோது, 'மரம் வளர்ப்போம்', 'கைப்பேசியால் வரும் கேடு', 'தாயன்பு' என்று வழக்கமான தலைப்புகளையே நாங்கள் அடுக்கினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மலச்சிக்கல்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பின், "சரி, எழுதுங்கள். ஆனால் படித்து, விசாரித்து எழுதுங்கள்" என்றார்கள். அப்போது எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனெனில் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் ஆறாம் வகுப்புத் தங்கை. பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. குடல்வாலாக இருக்கும் என்று பயந்து, அவளுடைய பெற்றோரை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாயிற்று பாப்பா?" என்று கேட்டாராம். ஒன்பது நாள்! குடல்வாலும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்தி எப்படியோ பள்ளிக்கு வந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. அதை இங்கே எழுத மாட்டோம். மறுபடியும் ஒரு வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. இம்முறை வயிற்று வலியால் அல்ல. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

ஆகவே இந்தக் கட்டுரையை எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்ட ஒரு சிறு தண்டனை என்றும் கொள்ளலாம்.

மலச்சிக்கல் என்றால் என்ன? 'தினமும் போகாவிட்டால் மலச்சிக்கல்' என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. அது முழுவதும் சரியல்ல. 2016-இல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலுக்கு 'ரோம் நான்கு' என்று பெயர். (ரோம் என்றதும் நமக்குப் போப்பாண்டவர்தான் நினைவுக்கு வருவார். இது வேறு.) அதன்படி வாரத்திற்கு இரண்டு முறை அல்லது அதற்கும் குறைவாகப் போவது, போகும்போது வலிப்பது அல்லது மலம் கல்லாக இறுகியிருப்பது, வந்த உணர்வை வேண்டுமென்றே அடக்குவது, தன்னையறியாமல் உள்ளாடையில் கசிவது போன்ற அறிகுறிகளில் குறைந்தது இரண்டு, ஒரு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். உலகெங்கும் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு பேர்! அந்த நான்கு பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

இதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடலில் நோய் எதுவும் இருப்பதில்லை. பழக்கத்தில்தான் கோளாறு. பெருங்குடலின் வேலைகளில் ஒன்று கழிவிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. கழிவு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு காய்ந்து இறுகும். இறுகியது வெளியேறும்போது வலிக்கும், சில சமயம் கிழித்து இரத்தமும் வரும். வலிக்குப் பயந்த பிள்ளை மறுநாளும் அடக்கும். அடக்கினால் இன்னும் இறுகும். இப்படியே போனால் மலக்குடல் பலூன் போல விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். அப்போது இறுகிய கட்டியைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் தானாகக் கசியும். இதைப் பார்க்கும் தாய்மார், "இவளுக்கு வயிற்றுப்போக்கு" என்று எண்ணிக் கஞ்சி மட்டும் கொடுப்பார்கள், அல்லது "இவ்வளவு பெரியவளாகியும் வெட்கமில்லையா?" என்று அடிப்பார்கள். அந்தக் குழந்தைக்கோ கசிந்ததே தெரியாது. சில பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைப்பதற்கும், அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கும்கூட, நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்குவது ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நிற்க. காரணம் என்ன என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கீரை தின்கிறாயா? காய் தின்கிறாயா? எந்நேரமும் பப்ஸும் பரோட்டாவும்!" இதில் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

உகாண்டா நாட்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்த டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் நார்ச்சத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. அவரும் நண்பர்களும் 1972-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். விழுங்கிய சிறு குளிகைகள் வெளியே வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பல நாட்டு மக்களிடம் பார்த்த கணக்கு அதில் இருக்கிறது. வெள்ளை ரொட்டி தின்ற இங்கிலாந்து விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சராசரியாக 76 மணி. தவிடு நீக்காத தானியம் தின்ற தென்னாப்பிரிக்கக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 34 மணிக்கும் குறைவு. நம் தென்னிந்திய நர்சுகள் சிலரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 44 மணி. பர்கிட் பிற்காலத்தில் நார்ச்சத்தைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் மற்றவர்கள் ஏற்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு நிற்கிறது.

நம் தட்டுக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பார்த்தோம். 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. மைதாவிலும் அப்படியே. கேழ்வரகில் 11 கிராம், கம்பில் அதற்கும் சற்று மேல், கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். கறுப்புக் கொண்டைக்கடலையில் 25 கிராம்! பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த அறிவுரை. வெள்ளைச் சோற்றிலிருந்தே அதைப் பெறுவதானால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட வேண்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த எங்களில் ஒருத்தி, "அதற்குச் சுண்டலே மேல்" என்றாள்.

தாம்பரம் மார்க்கெட்டில் கொய்யாவும் முளைக்கீரையும் முருங்கைக்கீரையும் குவிந்துதான் கிடக்கின்றன. ஆனால் பள்ளி விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது பேக்கரிதான். எக் பப்ஸ், கிரீம் பன், நூடுல்ஸ் எல்லாம் மைதா. எங்களில் சிலர் தவக்காலத்தில் பேக்கரிப் பண்டத்தை விட்டு, அந்தக் காசை ஏழைகள் உண்டியலில் போடுவதென்று முடிவு செய்தோம். வீட்டிலிருந்து சுண்டலோ வேர்க்கடலையோ கொண்டுவந்தோம். பரிசுத்த வாரம் வருவதற்குள் வயிறு நன்றாக வேலை செய்வதை உணர்ந்தோம். உண்டியலுக்குப் போனதைவிட எங்களுக்குக் கிடைத்ததே அதிகம் என்று தோன்றுகிறது. இதைச் சொல்லிப் பெருமை கொள்ள முடியாது. ஈஸ்டர் முடிந்ததும் பாதிப் பேர் பப்ஸுக்குத் திரும்பிவிட்டோம்.

ஆனால் உணவு பாதிதான். வீட்டிலும் பள்ளியிலும் யாரும் பேசாத மறுபாதியைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

குழந்தைகளின் மலச்சிக்கலைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து 2014-இல் தந்த வழிகாட்டுதலைச் சிஸ்டர் ஒருவர் கணினியில் எடுத்துக் காட்டி விளக்கினார்கள். சாதாரண அளவு நார்ச்சத்தும் தண்ணீரும் வேண்டும். ஆனால் ஏற்கெனவே சிக்கல் முற்றிய பிள்ளைக்கு அளவுக்கு மேல் தவிடும் தண்ணீரும் கொடுப்பதால் மட்டும் அது தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதில் இருக்கிறது. அதாவது, கீரையைத் திணித்தால் மட்டும் போதாது. அந்த ஆறாம் வகுப்புத் தங்கையின் அம்மா தினமும் கீரை சமைப்பவராம்! பின் ஏன் ஒன்பது நாள்?

எங்கள் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். நாங்கள் முடிச்சூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், சேலையூர், மேடவாக்கம், குரோம்பேட்டை என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறோம். சிலர் மின்சார ரயிலில், பலர் வேனில். ஆறு மணிக்கு டியூஷன். ஏழே காலுக்கு வேன். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலுக்குப் பயந்து டிரைவர் அண்ணா ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார். வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூம், அதில் அலுவலகம் போகும் அப்பாவுக்குத்தான் முதல் முறை. அரை தோசையை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடுகிறோம். உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் விழித்துக்கொள்ளும்படி கடவுள் நம் உடலை அமைத்திருக்கிறார். காலை உணவுக்குப் பின் வரும் அந்த அழைப்புத்தான் நாளிலேயே வலுவானது. எங்களுக்கு அது எங்கே வருகிறது? பாதி வழியில், வேனுக்குள், மடியில் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருக்கும்போது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறோம். சில நிமிடங்களில் அது போய்விடுகிறது. போனது அன்றைக்குத் திரும்பி வருவது அரிது.

பள்ளிக்கு வந்த பிறகாவது போகலாமே என்பீர்கள். இங்கேதான் நாங்கள் பணிவோடு, ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மாடியில் நான்கு கழிப்பறைகள். ஒன்றிலும் தாழ்ப்பாள் சரியாக இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவை வெளியே பிடித்துக்கொள்ள வேண்டும். கதவைப் பிடிக்கும் தோழியிடம், "எனக்கு நேரமாகும்" என்று எந்தப் பெண் சொல்வாள்? இடைவேளை பத்து நிமிடம், வரிசையோ நீளம். வாளியில் தண்ணீர் மதியத்திற்குள் தீர்ந்துவிடும். பாட நேரத்தில் எழுந்து கேட்டால், "இப்போதுதானே பெல் அடித்தது?" என்ற கேள்வி வரும், நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாதத்தில் சில நாட்களில் எங்கள் பாடு என்ன என்பதைத் தனியே எழுத வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஒரு நாள் மாலை வேனில் எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களையும் ஆட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை அம்மா காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தன. சித்திரை வெயிலிலும் இதே கதைதான். கேரளத்தில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுக்கும் அந்த 'வாட்டர் பெல்' வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் குடித்த தண்ணீருக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டாமா? அது இல்லையேல், மணி அடிக்கும்போது உதட்டை நனைத்துவிட்டு மூடிவிடுவோம்.

இது எங்கள் பள்ளிக் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிவாக வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளைக்கு உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் பள்ளியிலேயே கிடைப்பதைவிட நல்ல காரியம் வேறில்லை. ஆனால் காலை உணவு பள்ளிக்கு வந்துவிட்டதென்றால், உணவுக்குப் பின் வரும் அழைப்பும் பள்ளிக்கு வந்துவிட்டது என்றுதானே பொருள்? சமையற்கூடத்தைத் திட்டமிடுகிறவர்கள் அதற்கடுத்த பத்து நிமிடத்தையும் திட்டமிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. சின்னஞ்சிறு பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்க மாட்டார்கள்.

இன்னொன்றும் படித்தோம். இலங்கையில் ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 10 முதல் 16 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மலச்சிக்கல்! போர் நடந்த பகுதிகளில் இருந்த பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருந்தது. தேர்வில் தோற்றவர்கள், உயிர்த்தோழியைப் பிரிந்தவர்கள், பெற்றோரிடம் அடிக்கடி தண்டனை வாங்குபவர்கள் ஆகியோரிடமும் கூடுதலாக இருந்தது. மனத்தில் உள்ளதைக் குடல் எப்படி அறிகிறதோ! பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் எங்களுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த ஆறாம் வகுப்புத் தங்கையும் அந்த ஆண்டுதான் வேறு ஊரிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்தாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கதவைப் பிடிக்க ஆள் இல்லை.

மருந்தைப் பற்றிச் சில சொற்கள். எங்கள் பாட்டிமார் விளக்கெண்ணெய் தந்தார்கள், சோப்புத் துண்டு வைத்தார்கள், வெற்றிலைக் காம்பு வைத்தார்கள். அந்தக் கதைகளைக் கேட்டால் வயிறு தானாகவே கலங்கும். நிலாவரை இலையைப் பற்றித் தேடியபோது ஒரு வியப்பு. உலகின் பல நாடுகளில் பேதி மாத்திரை செய்யப் பயன்படும் இந்த இலை நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுகிறது. அங்கே அதற்குத் திருநெல்வேலியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! ஆனால் நம் ஊர் இலை என்பதற்காகக் கடையில் வாங்கி நாமே விழுங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அவர் தரும் மலமிளக்கியை இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்தவும் கூடாது. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இரத்தம், வாந்தி, காய்ச்சல், வயிற்று வீக்கம், எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கலாகாது. வெட்கப்பட்டுப் பயனில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற்குப் பாட்டியை அழைத்துப் போயிருக்கும் எங்களில் சிலருக்குத் தெரியும்: எந்த நோய்க்குப் போனாலும் மலம் எப்படிப் போகிறது என்று கூச்சமின்றிக் கேட்பார்கள். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்பதைப் பேசுகிறார். நாம்தான் நடுவில் எங்கேயோ கூச்சத்தைக் கற்றுக்கொண்டோம்.

அம்மாக்களுக்கு ஒரு விண்ணப்பம். கீரையோடு கால் மணி நேரமும் கொடுங்கள். எங்களைக் கொஞ்சம் முன்னதாக எழுப்பி, உட்கார்ந்து சாப்பிட வைத்து, சாப்பிட்ட பின் பத்து நிமிடம் யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூஷன் அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றும் குறைந்துவிடாது. அடுக்குமாடி வீடுகளில் வெஸ்டர்ன் கம்மோடில் கால் தொங்க உட்காரும் சின்னத் தம்பி தங்கைகளுக்குக் காலுக்கடியில் ஒரு மணை போடுங்கள், முக்குவது எளிதாகும். அப்பாக்கள் சற்று விட்டுக்கொடுக்கலாம்.

ஆசிரியைகளிடம் நாங்கள் கேட்பது, கை தூக்கினால் காரணம் கேட்காமல் அனுப்ப வேண்டும் என்பது மட்டுமே. பொய் சொல்லி வெளியே போகிறவர்களும் எங்களில் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்காக உண்மையாகத் தவிப்பவள் தவிக்க வேண்டுமா?

இந்தக் கட்டுரையின் முதற்படியைத் தமிழ் மிஸ் தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் காட்டினார்கள். திட்டு விழும் என்று நாங்கள் காத்திருந்தோம். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாடிக்கு வந்து நான்கு கதவுகளையும் தாமே திறந்து மூடிப் பார்த்தார்கள். அந்த வாரமே தச்சர் வந்தார். இதை அச்சுக்குக் கொடுக்கும் நாளில் இரண்டு கதவுகளுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. மற்ற இரண்டின் மரம் உளுத்துப்போயிருப்பதால் கதவையே மாற்ற வேண்டுமாம், விடுமுறையில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த இரண்டு கதவுகளையும் பிடித்துக்கொள்ள இடைவேளையில் பத்தாம் வகுப்பிலிருந்து முறைவைத்து இருவர் நிற்கிறோம். நேற்று அந்த ஆறாம் வகுப்புத் தங்கை (இப்போது ஏழாம் வகுப்பு) வந்து, "அக்கா, எனக்குக் கொஞ்சம் நேரமாகும்" என்றாள். "ஆகட்டும்" என்றோம்.